பத்து வீட்டுக் காப்பி

அன்றைக்கு வண்டியில் இருந்தது இரண்டு பேர்தான்: நானும் டிரைவர் அண்ணாச்சியும். ரத்தம் எடுக்கிற நர்ஸ் அக்கா, மகனுடைய பள்ளிக்கூட விழாவுக்காக ஆய்க்குடியிலேயே நின்றுவிட்டார். மேடம் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். அவர் இருந்திருந்தால் பத்து வீட்டுக்கும் ஏறி இறங்கியிருப்போம். அவர் இல்லாததால் நான் ஒரே ஒரு வீட்டுக்குப் போனேன்.

மேடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒருவருடைய பெயரும் அவரைப் பற்றிய செய்தியும் ஒரே தாளில் இருக்கக்கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் அவர் போட்டிருந்த சட்டம். பெயர்கள் ஒரு நோட்டில், அவருடைய பீரோவுக்குள். எங்கள் கையில் வெறும் எண்கள். அந்தச் சட்டத்தை அவருக்கும் பொருத்துவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரத்தக்காரம்மா. தெருமுனையில் ஜீப் திரும்பும்போதே, “ஏட்டி, ரத்தக்காரம்மா வாராக, அடுப்புல பாலை வை” என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

எச்.ஐ.வி., ஈரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. இந்த மூன்றும் ஓர் ஊரில் எத்தனை பேரிடம் இருக்கின்றன, எந்த வழியாக வந்தன என்று தேடுவதுதான் அவர் வாழ்நாள் வேலை. லாரிகள் ஒதுங்குகிற நெடுஞ்சாலைகளிலும், வடக்கே எங்கெங்கோ மலை ஊர்களிலும் அலைந்துவிட்டு, கடைசியில் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்த ஊர் செங்கோட்டை. அதனால் பேச்சில் ஒரு மலையாளச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது: ‘சாரமில்ல’, அதாவது பரவாயில்லை. நான் ரத்தக் குழாயைக் கீழே போட்டு உடைத்தாலும் சாரமில்ல. டிரைவர் அண்ணாச்சி ஜீப்பை வாய்க்காலில் இறக்கினாலும் சாரமில்ல.

நான் கடையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். அப்பாவுக்கு வயல் வேலை, அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. கணிதம் முடித்து, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இந்த வேலையில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதுவதும், எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலை. “மவன் என்ன வேலை பாக்கான்?” என்று கேட்டால் அம்மா, “ரத்த ஆபீஸ்ல இருக்கான்” என்பாள். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

பத்து வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் ஒருவருக்கு முதல் பரிசோதனையில் ஏதோ தென்பட்டுவிட்டது என்று வையுங்கள். ‘தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து இன்னொரு தடவை ரத்தம் கொடுத்து உறுதி பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று அவரிடம் நேரில், தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு மட்டும் போனால் தெரு முழுக்கப் பார்க்கும். அதனால் மேடம் அந்த ஒரு வீட்டுக்காகப் பத்து வீடு ஏறுவார். பத்து வீட்டுக்கும் ஒரே மாதிரிக் காக்கிக் கவர். மற்ற ஒன்பதிலும் சர்க்கரை அளவோ ரத்தச்சோகை அளவோ எழுதிய தாள் இருக்கும். பத்து வீட்டிலும் பிரஷர் பார்க்கிற சாக்கில் அந்த ஆளை உள்ளே கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். பத்து வீட்டிலும் பதினைந்து நிமிடம். நேரம் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. பன்னிரண்டாவது நிமிடம் நான் வாசலில் நின்று இருமுவேன்.

பத்து வீட்டிலும் காப்பி குடிப்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ‘சீனி வேண்டாம்’ என்று ஒரு வீட்டில் சொல்லி இன்னொரு வீட்டில் சொல்ல மறந்துவிட்டால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும் என்று கொடுத்ததைக் குடித்துவிடுவார். ஜீப்பில் ஏறியதும் பையைத் திறந்து மாத்திரையைத் தேடுவார்.

“ஒரு வீட்டுக்குப் போணும்னா ஒரு வீட்டுக்குப் போணும்” என்று அண்ணாச்சி என்னிடம் முணுமுணுப்பார். “இந்தம்மா என்னன்னா ஓட்டு கேக்க வந்த மாதிரி தெருவையே அளக்காக. நம்ம வண்டிக்கு டீசல் ஏறுது, இவுகளுக்கு சுகர் ஏறுது.”

ஒருமுறை ஒரு கிழவி அவரை வாசலிலேயே மறித்தாள். “ஏ ரத்தக்காரம்மா, அடுத்த வீட்ல மட்டும் அவ்வளவு நேரம் இருந்திய. எங்க வீட்ல காப்பி கசக்கோ?” மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் குறைந்திருந்தது. மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்து, கிழவியின் மருமகளைப் பற்றிய புகார் முழுவதையும் கேட்டுவிட்டு வந்தார்.

கேள்வித்தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிற வேலையை முதலில் என்னிடம்தான் கொடுத்தார். ஓரிடத்தில், ‘இத்தொற்று தங்களுக்கு யாரிடமிருந்து ஏற்பட்டது?’ என்று நல்ல தமிழில் எழுதியிருந்தேன். மேடம் பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் கோடு இழுத்தார்.

“யாருங்கிறது போலீஸ்காரன் கேள்வி. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு போலீஸ் இருக்கான், அவன் கேட்டுக்கிடுவான். நமக்கு வேண்டியது எதுல. எந்த ஊசி, எந்தப் பிளேடு, எந்த ரத்தம். ‘யாரு’ன்னு கேட்டா ஒரு ஆளைக் காட்டுவாங்க. ‘எதுல’ன்னு கேட்டாத்தான் வழியைக் காட்டுவாங்க.”

அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் ‘யார்’ என்று தொடங்கும் கேள்வியை நான் கேட்டதில்லை. டீ வாங்க யார் போகிறார்கள் என்பதைத் தவிர.

‘எதுல’ என்று தேடிக்கொண்டு அவர் குற்றாலத்துக்குப் போன கதை தனி. சீசன் நேரம். அருவிக்குப் போகிற வழியில் மெஷின் வைத்துப் பச்சை குத்துகிற ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாரல் அடிக்க அடிக்க, குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் மேடம் அவர் பக்கத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தார். ஓர் ஊசிக்கு எத்தனை கை என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மத்தியானம் வரை ஒரே ஊசிதான்.

“ஊசியை மாத்த மாட்டீங்களா அண்ணாச்சி?”

“எதுக்கு மாத்தணும்? ஒவ்வொரு ஆளுக்கும் கழுவித்தான போடுதேன். அதுவும் அருவித் தண்ணிம்மா. மேல மலையில மூலிகை பூராவும் கரைஞ்சி வருது. எந்தக் கிருமி நிக்கும்?”

மறுநாள் மேடம் ஒரு பெட்டி புது ஊசியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். “சும்மா தந்தா வாங்கிக்கிடுதேன், நான் எதுக்கு வேண்டாம்கப் போறேன்” என்று வாங்கிக்கொண்ட அந்த ஆள், நன்றிக்காக அவருக்கும் ஒரு பச்சை குத்திவிடுவதாகச் சொன்னார். “என்ன பேரும்மா போடணும்?”

“பேரே போடாதீங்க” என்றார் மேடம்.

அடுத்த வாரம் போனபோது அங்கே ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது: ‘இங்கு டாக்டர் அம்மா ஊசியில் பச்சை குத்தப்படும்’. அதற்குப் பத்து ரூபாய் கூடுதல். அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. குடை சாய்ந்து, நனைந்துகொண்டே சிரித்தார்.

தன்னைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு சம்பவம். அதுவும் ஜீப் பஞ்சராகி, புளியமரத்தடியில் நாங்கள் காத்திருந்தபோது. படித்து முடித்த புதிதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. எச்.ஐ.வி. இருக்கிறவர்களின் கட்டிலில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம், ஊழியர்கள் எச்சரிக்கையாக இருக்க. காப்பி கொண்டுவருகிறவர்கூட அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவாராம். ஒருநாள் மேடம் கடையில் ஒரு கட்டு சிவப்பு ஸ்டிக்கர் வாங்கி வந்து, வார்டில் இருந்த எல்லாக் கட்டிலிலும் ஒட்டிவிட்டார். கால் முறிந்தவர், குடலிறக்கம், மூலம், எல்லார் கட்டிலிலும்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் மெமோ. நர்ஸ் மேஜையிலயும் ஒண்ணு ஒட்டிருந்தேன், அதுக்குத் தனி மெமோ.”

“சாரமில்லன்னு விட்டுட்டீங்களா?” என்று அண்ணாச்சி ஜாக்கியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“விடாம என்ன?”

இப்போது அந்த நாள். ஜூன் மாதத் தொடக்கம், சாரல் விழத் தொடங்கியிருந்தது. பத்துக் கவர்களையும் மேடம் முந்தின நாளே கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். குற்றாலம் ரோட்டில் இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அக்காவின் கவர்தான் அந்த ஒன்று. இட்லிக்கடை என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் அது வேறு கடை. மூன்றில் எந்த வைரஸ் என்பதையும் எழுதமாட்டேன். மூன்றில் எதுவும் தட்டாலும் டம்ளராலும் சாப்பாட்டாலும் ஒட்டாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அந்தக் கடைக்கு வருஷத்தில் மூன்று மாதம் சீசன். அந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் மீதி ஒன்பது மாதம்.

ஆறு மணிக்கு எனக்குத் தென்காசியில் அரசுத் தேர்வுக்கான வகுப்பு இருந்தது. பத்து வீடு என்றால் இரண்டரை மணி நேரம். ஆனால் அவசரத்தால் மட்டும் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. எனக்கு ஒரு யோசனையும் இருந்தது, அது நல்ல யோசனை என்றே நினைத்தேன். மற்ற ஒன்பது கவரிலும் முக்கியமாக ஒன்றுமில்லை. அவற்றை ஊர்ப் பால் சொசைட்டியில் இருந்த கணக்கரிடம் கொடுத்து, “சாயங்காலம் பால் ஊத்த வரும்போது அவங்கவங்ககிட்ட குடுத்திருங்க” என்றேன். முக்கியமான ஒன்றை மட்டும் நானே பத்திரமாகக் கொண்டுபோனேன். உட்கார்ந்து, பயப்படாதபடி, நிறுத்தி நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினேன். இருபது நிமிடம் ஆனது. அந்த அக்கா வாசல்வரை வந்து, “வண்டி நனையுது தம்பி, போயிட்டு வாங்க” என்றார்.

எங்கள் ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பிரித்து, படித்து, சொல்லுவேன். பத்து வயதிலிருந்து எனக்கு அதுதான் பெருமை. அதனால் செய்தி என்பது கவருக்குள் இருப்பது என்றே பழகியிருந்தேன். எழுத்து தெரியாதவர்கள் கவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள் என்பது, அப்படிப்பட்டவர்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை.

ஊர் படித்துவிட்டது. ஒன்பது பேர் கவர் பால் கேனுக்குப் பக்கத்தில் கிடந்தது, ஒருத்தி கவர் ஜீப்பில் வந்தது.

எட்டாம் நாள் அந்த அக்கா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மேடம் சென்னையிலிருந்து திரும்பியிருந்தார்.

“தம்பி, அன்னைக்கு நீங்க நல்லபடியாத்தான் பேசுனீங்க” என்று என்னிடம்தான் தொடங்கினார். “ஆனா எதுக்குத் தம்பி எங்க வீட்டுக்கு மட்டும் வந்தீங்க?”

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் ‘சாரமில்ல’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“நாலு நாளா மாவு புளிச்சு வாய்க்கால்ல ஊத்துதேன்மா” என்றார் அக்கா. “ஊர்க்காரன் ஒருத்தன் வரல. வெளியூர்க்காரன் வண்டியை நிறுத்துனா, எதுத்த கடைக்காரன் கையைக் காட்டிக் கூப்பிட்டு என்னமோ சொல்லுதான், அவன் அங்கன போயிருதான். நீங்க ஊருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அவளுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாக.”

மேடம் அக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, “சொல்லலாம் தாயி” என்றார். “உனக்காகச் சொன்னேன்னு வையி, நாளைக்கு இன்னொருத்தி இதே மாதிரி வந்து நிப்பா. அவளுக்காக நான் சொல்லலேன்னா, அவளுக்கு இருக்குன்னு ஆயிரும்லா.”

“நாளைக்கு வாறவளை நாளைக்குப் பாத்துக்கிடுங்க. நான் இன்னைக்கு வந்திருக்கேன்.”

மேடம் ஊருக்கு வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒப்புக்கொள்ளவில்லை. அவர் செய்தது சரி என்று சில நாள் தோன்றும். ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று சில நாள் தோன்றும். அவரை எனக்குப் பிடித்ததும், அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததும் ஒரே காரணத்துக்காகத்தான்.

மறுநாள் காலையில் ஊரின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். பத்து வீடு இல்லை, ஊரில் இருந்த நூற்று முப்பத்தேழு வீடும். வீட்டுக்குப் பதினைந்து நிமிடம், ஒரு காக்கிக் கவர், ஒரு காப்பி. மூன்று வாரம் ஆனது. இரண்டாவது வாரம் அவர் கால் வீங்கிவிட்டது. செருப்பு நுழையாமல் என் அம்மாவின் ரப்பர் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் முதலில் அந்த இட்லிக்கடைதான். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி வெளி பெஞ்சில் உட்கார்ந்து நாலு இட்லி.

முதல் நாள் அண்ணாச்சி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. “இன்னைக்கு வெள்ளிக்கிழமை, விரதம்” என்றார். அன்றைக்குப் புதன்கிழமை. அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் கொண்டுபோய் ஜீப் பானெட்டில் வைத்துவிட்டு வந்தார். அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இறங்கி வந்து, “ஏ, ரெண்டு இட்லி வையி. சட்னி காரமா இருக்கணும், சொல்லிட்டேன்” என்றார். அன்று ஆறு சாப்பிட்டார்.

பலன் இல்லை. நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுவதையும் ஊர் படித்தது. “அவுகளுக்கு அது டியூட்டி” என்றார்களாம். “சம்பளம் வாங்குதாக, சாப்பிடுதாக. நமக்கு என்ன தலையெழுத்து?”

ஆடி பிறப்பதற்குள் கடையில் பூட்டு தொங்கியது. அக்காவின் கணவர் கேரளாவில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், மருந்து எப்படி என்பதையெல்லாம் மேடம் விசாரித்து எழுதிக் கொடுத்திருந்தார். மாதம் ஒருமுறை போன் பண்ணுவார். போனிலும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். “நல்லாருக்கியா தாயி, மாத்திரை விடாமப் போடுதியா” என்பார்.

ஒரு வருஷம் கழித்து அதே ஊரில் இரண்டாவது தடவை ரத்தம் எடுக்க வேண்டும். அதே ஆட்களிடம் மறுபடி எடுத்தால்தான், நடுவில் புதிதாக யாருக்கெல்லாம் வந்திருக்கிறது, எதுல வந்திருக்கிறது என்று சொல்ல முடியும். முதல் தடவை கை நீட்டியவர்கள் முந்நூற்று இருபத்தாறு பேர். இந்தத் தடவை பள்ளிக்கூட வராந்தாவில் ஊசியும் பஞ்சும் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். பதினாலு பேர் வந்தார்கள். பால் சொசைட்டிக் கணக்கர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். காப்பி கசக்கிறதா என்று கேட்ட கிழவியும் வந்தாள். “எனக்கு இனிமேப்பட்டு என்ன பேரு கெடப்போவுது, எடுத்துக்க” என்று சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

மற்ற ஊர்களிலும் பேச்சு பரவியிருந்தது. எங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள், இத்தனை பேர் விட்டுப்போனால் கணக்கு நிற்காது என்று எழுதினார்கள். அது நியாயம்தான். மேடத்தின் இருபது வருஷத் தேடலில் குற்றாலத்து ஊசிக்கான பதிலும் வேறு பல பதில்களும் அந்த இரண்டாவது ரத்தத்தில்தான் இருந்தன. வேலை அதோடு நிற்கப்போகிறது என்று தெரிந்தபிறகும் முடிவு அறிக்கையை எழுதினார். ஒருவரைக்கூடக் கூப்பிட்டுத் திட்டவில்லை. என்னையும்தான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்று நான் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அன்று தவறவிடக்கூடாது என்று ஓடிய அந்த வகுப்புதான் வேலை வாங்கித் தந்தது. மேடம் வடக்கே எங்கேயோ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார் என்று அண்ணாச்சி சொன்னார்.

அந்த முடிவு அறிக்கையின் கடைசி அட்டவணையை அப்போது நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த ஊரில் இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்காதவர்கள் எத்தனை பேர், ஏன் என்று காட்டுகிற அட்டவணை. ‘மறுத்தவர்கள்’ என்று எழுதி 311 என்று போட்டேன். அடுத்த வரியில் ‘ஊரை விட்டுச் சென்றவர்கள்’ என்று எழுதி 1 என்று போட்டேன்.

மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுன்னு போட்டா அது யாருன்னு ஊருக்குத் தெரியும்லா” என்றார். “ரெண்டு வரியையும் ஒண்ணாக்கு.”

நான் 1 என்பதை அழித்தேன். மறுத்தவர்களும் ஊரை விட்டுச் சென்றவர்களும் சேர்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டு.